ஸ்மூத்திக்கு வீட்டு மிக்ஸியே போதுமா, தனி பிளெண்டர் வேண்டுமா?

உறைந்த மாம்பழத் துண்டு, ஐஸ் கட்டி, கொஞ்சம் பால். மிக்ஸியை ஓட்டியதும் முதல் ஐந்து விநாடி கடகடவென்று சத்தம். அப்புறம் திடீரென்று சத்தம் மெலிந்து 'உய்ங்' என்று மேலே ஏறும். மூடியைத் திறந்தால் பிளேடைச் சுற்றி ஒரு குழி, குழிக்கு மேல் கூரை போட்டதுபோல் கெட்டியான கூழ், அதற்கும் மேலே நாலு ஐஸ் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். மிக்ஸிக்கு பவர் பத்தவில்லை என்று நினைத்து 1000 வாட் பிளெண்டர் தேட ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பவர் பத்தாவிட்டால் மோட்டார் முக்கும், சத்தம் தாழும். இங்கே சத்தம் ஏறுகிறது. பிளேடு தன்னைச் சுற்றி இருந்ததை ஓரத்துக்கு வீசிவிட்டது. வீசியது திரும்பி வந்து விழவில்லை. இப்போது அது வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதே ஜாரில், இதே கலவையில் 1500 வாட் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தாலும் குழி கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. ஜாரில் போட்டது பிளேடிடம் திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் கெடப்போகும் பாகத்தை உங்கள் ஊரில் மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா? வாட் கணக்கு அதற்குப் பிறகு.

ஜாருக்குள் என்ன நடக்கிறது

பிளெண்டர் ஜார் அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். உள்சுவரில் நீளவாக்கில் நாலைந்து முகடு ஓடும். இல்லாவிட்டால் ஜாரே சதுரமாக இருக்கும். பிளேடு வெளியே தள்ளும் திரவம் சுவரில் ஏறி, முகட்டில் மோதி, சுற்றுவதை விட்டு நடுவில் வந்து விழுகிறது. மேலிருந்து பார்க்கும்போது ஆற்றுச் சுழி மாதிரி நடுவே ஒரு பள்ளம் தெரிந்து, பழத் துண்டுகள் அதற்குள் போய்க்கொண்டே இருந்தால் எல்லாம் சரி. சுழி மூடிக்கொண்டு மேற்பரப்பு அசையாமல் நின்றால், அதன் பிறகு எத்தனை நிமிடம் ஓட்டினாலும் பலன் இல்லை.

பாத்திரத்தின் அடியில் பிளேடை வைக்கும் யோசனைக்கு நூறு வயதாகிறது. ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் 1922-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் ஊரில் இதைச் செய்தது, கடைகளில் மால்ட் கலந்த பால் பானம் கலக்குவதற்காக. ஹார்லிக்ஸ் வளர்ந்ததும் அதே ஊரில்தான். பிளெண்டர் பிறந்ததே தண்ணியான பானத்தைக் கலக்க, அரைக்க அல்ல.

நம் மிக்ஸி வேறு வேலைக்காக வந்தது. தேங்காய், காய்ந்த மிளகாய், மஞ்சள், ஊறிய உளுந்து. ஜாரின் அடி அகலமாக, தட்டையாக இருக்கும். பிளேடு தரையை ஒட்டிச் சுற்றும். சட்னி ஜாரில் இரண்டு கைப்பிடி தேங்காயும் சிக்கி அரைபடுவது அதனால்தான். கெட்டியாகி ஒட்டிக்கொண்டால் நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மறுபடி ஓட்டுவோம். துவையல் அரைக்கும் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே ஆள் ஸ்மூத்தி போடும்போது மட்டும் நாப்பை 3-ல் வைத்துவிட்டு அதிசயம் நடக்கும் என்று காத்திருப்பார்!

முதலில் மிக்ஸியிலேயே பார்க்கலாம்

வீட்டில் 750 வாட் மிக்ஸி இருந்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்மூத்திக்கு வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. 500 வாட்டும் செய்யும். ஐஸைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 18,000 முதல் 20,000 சுற்று வரை போகும் மோட்டார் இது. வேகத்தில் பல பிளெண்டர்களுக்கு இளைத்ததல்ல.

எந்த ஜார் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்று ஜாரோடு நாலாவதாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜூஸ் ஜார் வந்திருந்தால் அதை எடுங்கள். உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிட்டால் அது கிட்டத்தட்ட பிளெண்டர் ஜார்தான்; சுழி தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். அது இல்லையென்றால் 1.5 லிட்டர் பெரிய ஜார். ஒரே ஒரு டம்ளர் வேண்டுமென்றால் பெரிய ஜாரில் போடாதீர்கள், எல்லாம் சுவரில் அப்பிக்கொள்ளும். நடு ஜார் சரியாக இருக்கும். சட்னி ஜாரில் ஐஸ் போடவே கூடாது.

இரண்டு பெரிய டம்ளருக்கு ஓர் அளவு: 200 மி.லி. குளிர்ந்த பால், பாதி வாழைப்பழம், 150 கிராம் உறைந்த மாம்பழம், ஐஸ் கட்டி நாலு. வீட்டு டிரேயில் உறையும் கட்டி ஒன்று சுமார் 20 கிராம் இருக்கும். போடும் வரிசை முக்கியம். பால் முதலில், அதன் மேல் வாழைப்பழம், பிறகு மாம்பழம், கடைசியாக ஐஸ். பிளேடு மூழ்கும் அளவுக்குத் திரவம் கீழே இருந்தால்தான் முதல் விநாடியிலேயே சுழி தொடங்கும். ஐஸை அடியில் போட்டால் பிளேடுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கட்டி மாட்டிக்கொண்டு மோட்டார் திணறும்.

நாப்பை இடப்பக்கம் திருப்பி ஒரு விநாடி பிடித்து விடுங்கள். இப்படி ஆறேழு முறை. ஐஸ் உடையும் சத்தம் சன்னமானதும் 1-ல் பத்து விநாடி, பிறகு 3-ல் முப்பது விநாடி. சத்தம் ஏறினால் உடனே நிறுத்தி, ஜாரைக் கழற்றி ஒரு குலுக்கு குலுக்குங்கள், அல்லது கரண்டியால் கூரையை உடைத்துவிட்டு 30 மி.லி. பால் சேருங்கள். பால் ஊற்றிக்கொண்டே போனால் சுழி நன்றாக வரும், ஸ்மூத்தி மில்க்‌ஷேக்காகிவிடும்.

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. 750 வாட் முழு பாரத்தில் ஒரு நிமிடம் ஓடினால் செலவாகும் ஆற்றல் 45 கிலோஜூல். அதில் பாதி ஜாருக்குள் வெப்பமாகப் போகிறது என்று வைத்தாலும் 22 கிலோஜூல். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். அப்படியென்றால் ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் 60 கிராமுக்கு மேல், அதாவது மூன்று கட்டி ஐஸ், பிளேடின் உரசலாலேயே உருகிப்போகும். 'எவ்வளவு ஓட்டினாலும் கெட்டியாகவே வரவில்லை' என்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. எவர்சில்வர் ஜார் கீழே மோட்டார் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். காலையில் சட்னி அரைத்த கையோடு ஸ்மூத்தி போடாமல், ஜாரைக் கழுவிப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

இனி மிக்ஸியில் எது கெடும் என்பது. ஐஸ் கட்டி பிளேடில் சிக்கி நின்றால், மோட்டாரின் விசை முழுவதும் ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கப்ளரில் இறங்குகிறது. ரப்பரும் நைலானும் சேர்ந்த அந்தக் கருப்புச் சக்கரத்தின் பல் மழுங்கும் அல்லது உடையும். ரப்பர் கருகிய வாடை, மோட்டார் ஓடியும் பிளேடு விட்டுவிட்டுச் சுற்றுவது, இரண்டும் அதன் அறிகுறி. இதற்காக மிக்ஸியை மாற்றிவிடாதீர்கள். விலை அதிகமான மோட்டாரைக் காப்பாற்றத் தன்னைக் கொடுக்கும் பாகம் அது. எந்த மிக்ஸி ரிப்பேர் கடையிலும் சில நிமிட வேலை. நீங்களே கழற்றுவதானால் பல மாடல்களில் மரை தலைகீழாக இருக்கும், வழக்கமான பக்கம் திருகித் திருகி உடைத்துவிட வேண்டாம்.

கப்ளரைவிட கவனிக்க வேண்டியது புஷ். பிளேடின் தண்டு ஜாரின் அடியில் நிற்கும் குழல் அது. ஐஸின் குதிப்பில் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் ஜாருக்கு அடியில் சாம்பல் நிறமாகவோ கருப்பாகவோ நீர் கசியும். எண்ணெயும் உலோகத் தூளும் கலந்தது. கீழே கசிகிறது என்றால் மேலே ஸ்மூத்தியிலும் கலக்கும். அன்றைக்குப் போட்டதைக் கொட்டிவிட்டு புஷ்ஷையும் பிளேடையும் மாற்றுங்கள். பிளேடை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் கசிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பாதியில் மொத்தமாக நின்றுபோனால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைச் சாய்த்தால் அடியில் சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஓவர்லோடில் அது வெளியே தள்ளியிருக்கும். ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் இருப்பதைக் குறைத்து, பொத்தானை அமுக்கினால் ஓடும். ஒரே வாரத்தில் மூன்று தடவை இப்படி நின்றால் தப்பு மிக்ஸியில் இல்லை, அளவில்.

புல்லட் வகை

தினமும் காலையில் ஒருவருக்கு ஒரு ஸ்மூத்தி, அதையே கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும். இந்தத் தேவைக்கு மிக்ஸியைவிட நல்லது கப்பைக் கவிழ்த்து மாட்டும் சின்ன பிளெண்டர். மேஜிக் புல்லட், நியூட்ரிபுல்லட் என்ற பெயர்களில் பிரபலமாகி, இப்போது நம்மூர் மிக்ஸி நிறுவனங்களும் விற்கும் வகை. கப் குறுகலாக இருப்பதால் 300 மி.லி. போட்டாலும் பிளேடு மூழ்கும். பெரிய ஜாரால் செய்ய முடியாத காரியம் அது.

இதில் போடும் வரிசை தலைகீழ். கடைசியில் கவிழ்க்கப் போகிறோம், அதனால் உறைந்த பழம் முதலில், கீரை அல்லது வாழைப்பழம் நடுவில், திரவம் கடைசியில். பிளேடு மூடியைத் திருகிக் கவிழ்த்து, மோட்டாரில் வைக்கும் முன் இரண்டு குலுக்கு. திரவம் பிளேடுப் பக்கம் வந்து சேரும். கப்பில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டாதீர்கள். தாண்டினால் சுழலும் இடமே இருக்காது, வாஷர் வழியாகக் கசியும்.

இந்த வகையில் மட்டும் வாட்டைப் பாருங்கள். 300, 400 வாட் புல்லட் மாவுபோல் கனிந்த பழத்தைப் பாலோடு கலக்கும். உறைந்த ஸ்ட்ராபெரி நாலு போட்டால் திணறும். 600 வாட்டுக்குக் கீழே உறைந்த எதையும் நம்பிப் போட முடியாது. 900 வாட் என்றால் நிம்மதி. அதிலும் திரவம் இல்லாமல் வெறும் ஐஸை உடைக்கக் கூடாது. தொடர்ந்து ஒரு நிமிடம், பிறகு ஒரு நிமிட ஓய்வு.

பலவீனம் மூன்று இடத்தில். முதலாவது ரப்பர் வாஷர். கழுவும்போது பிளேடு மூடியிலிருந்து அது கழன்று ஸிங்கில் போனதே தெரியாமல் அடுத்த நாள் மாட்டுவார்கள், மோட்டாருக்குள் பால் இறங்கும். இரண்டாவது, கப்பின் ஓரத்தில் இருக்கும் மூன்று காது. அவற்றை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். கீழே விழுந்து ஒன்று உடைந்தால் கப் போச்சு. மூன்றாவது பிளேடு மூடியே. உள்ளே பேரிங் மூடி அடைத்தது. எந்த மிக்ஸி மெக்கானிக்கும் அதைப் பிரித்து புஷ் போட்டுத் தர மாட்டார். தினமும் பயன்படுத்துபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன் அதே மாடலுக்குப் பிளேடு மூடியும் கப்பும் தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று பாருங்கள். 2,000 ரூபாய் மெஷினுக்கு பிளேடு கிடைக்காவிட்டால் அது ஒரு வருடச் சாமான். பிளேடு தாராளமாகக் கிடைக்கும் 5,000 ரூபாய் மெஷின் அதைவிட மலிவு.

சூடான எதையும் இதில் போடக் கூடாது. ரசமாக இருந்தாலும் சரி, வேகவைத்த பீட்ரூட்டாக இருந்தாலும் சரி. காற்றுப் போக வழியில்லாத கப்பில் ஆவியின் அழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். மிக்ஸி ஜார் மூடியைக் கையால் அமுக்கிப் பிடிக்கிறோமே, அது கொஞ்சமாவது தூக்கிக்கொடுக்கும். திருகி மூடிய கப் கொடுக்காது.

கண்ணாடி ஜார் பிளெண்டர்

ஆன்லைனில் பார்க்க மிக அழகானது இதுதான்: கனமான கண்ணாடி ஜார், எவர்சில்வர் பட்டை, ஐந்து பொத்தான், 500 முதல் 700 வாட். மிக்ஸி, புல்லட், இது, அடுத்து வரும் பெரிய மெஷின் என்ற நான்கில் எதை வாங்க வேண்டாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். மிக்ஸியால் முடியாத எதையும் இது செய்வதில்லை. மிக்ஸி செய்யும் பாதியை இது செய்யாது. கெட்டியான கலவையைத் தள்ள மத்து வராது. கண்ணாடி கனத்தால் கழுவும் போதெல்லாம் பயம். வெந்நீரில் கழுவிய சூட்டோடு ஐஸ் போட்டால் விரிசல். உடைந்தால் மாற்று ஜார் கிடைப்பது அபூர்வம், மோட்டார் மட்டும் பரணுக்குப் போகும். கண்ணாடியில் வாடை தங்காது, கறை பிடிக்காது என்பது உண்மை. அது ஒன்றுக்காக மட்டும் வாங்குபவர்கள் வாங்கலாம்.

பெரிய மெஷின்கள்

வைட்டமிக்ஸ், பிளெண்ட்டெக் போன்றவை ஜூஸ் கடைக்கும் பெரிய குடும்பத்துக்கும் ஏற்றவை. விலை பல பத்தாயிரங்கள். எதற்காக அவ்வளவு என்பதற்கு ஒரு பாகத்தைக் காட்டினால் போதும். வைட்டமிக்ஸோடு ஒரு பிளாஸ்டிக் மத்து வரும். மூடியின் நடு ஓட்டை வழியாக இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கலவையைப் பிளேடுப் பக்கம் அமுக்கலாம். பிளேடைத் தொடாதபடி அதன் நீளம் அளந்து செய்யப்பட்டிருக்கும். முதல் பத்தியில் சொன்ன கூரை இங்கே உருவாகும்போதே உடைகிறது. பால் சேர்க்காமல், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் பதத்துக்கு உறைந்த பழத்தை அடிக்க முடிவது இதனால்தான். மிக்ஸியை ஓட்டிக்கொண்டே கரண்டி விடும் வேலையை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள், அது வேறு கதை.

பிளெண்ட்டெக் வேறு வழியில் போனது: சதுர ஜார், அதில் ஒரு மூலையைச் சீவி ஐந்தாவது பக்கம், கத்திபோல் கூராக இல்லாத தடித்த பிளேடு. சுழியைச் சாய்த்து வைப்பதற்கே அந்த ஐந்தாவது பக்கம். இந்த வேகத்தில் பழமும் ஐஸும் அறுபடுவதைவிட அடிபட்டு உடைவதுதான் அதிகம். ஸ்மூத்திக்காக மிக்ஸி பிளேடைச் சாணை பிடிப்பதில் பெரிய லாபம் இல்லாததும் அதே காரணத்தால். மசாலாவுக்குப் பிடியுங்கள்.

பெட்டியில் '3 குதிரைசக்தி' என்று இருந்தால் அசந்துவிட வேண்டாம். ஒரு குதிரைசக்தி 746 வாட். இவை அமெரிக்க நிறுவனங்களின் மெஷின்கள்; அமெரிக்க வீட்டு சாக்கெட்டின் எல்லை 120 வோல்ட், 15 ஆம்பியர், ஆக மொத்தம் 1800 வாட். சாக்கெட்டில் இருந்து 2.4 குதிரைசக்திக்கு மேல் எடுக்கவே முடியாதபோது 3 எங்கிருந்து வரும்? ஒரு கணம் தொடும் உச்சத்தை அச்சடித்திருக்கிறார்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள வாட்டைப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு டம்ளர் என்றால் இந்த மெஷின் தண்டம். 2 லிட்டர் அகல ஜாரில் 300 மி.லி. போட்டால் பிளேடு எல்லாவற்றையும் சுவரில் பூசிவிட்டு நிற்கும். குறைந்தது அரை லிட்டர் வேண்டும். தவிர, விற்பவர்களின் சர்வீஸ் உங்கள் ஊரிலா, பார்சல் கட்டி அனுப்ப வேண்டுமா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள்.

ஹேண்ட் பிளெண்டர் லஸ்ஸிக்கும் மோருக்கும் அருமை. பழம் உறைந்திருந்தால் பத்து நிமிடம் வெளியே வைத்து இளகவிட வேண்டும், ஐஸுக்கு ஆகாது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் கையடக்க பிளெண்டர், கனிந்த பழத்தையும் புரோட்டீன் பவுடரையும் கலக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இந்த வகையில் பெயர்பெற்ற பிளெண்ட்ஜெட் 2 மாடலையே, பிளேடு உடைவதாலும் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்தாலும், 2023 டிசம்பரில் சுமார் 48 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பெயர் தெரியாத 800 ரூபாய் மெஷினுக்குள் என்ன பேட்டரி இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் பானத்துக்கு மெஷினைவிட முக்கியமான ஒன்று

கடையில் கிடைக்கும் ஸ்லஷ் பனித்தூள் மாதிரி நுனிவிரலில் ஒட்டும். வீட்டில் செய்தால் மேலே ஐஸ் தூள், கீழே சாயத்தண்ணீர். மெஷினைத் திட்டுவதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். கரைந்த சர்க்கரை தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. மொத்த எடையில் 13 சதவீதம் போலச் சர்க்கரை இருந்தால் ஐஸ் துகள்களுக்கு நடுவில் உறையாத பாகு தங்கி அவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கும். டயட் என்று செயற்கை இனிப்பு போட்டால் நாக்கு ஏமாறும், ஐஸ் ஏமாறாது.

எலுமிச்சை ஸ்லஷ்: எலுமிச்சைச் சாறு 60 மி.லி., சர்க்கரை 60 கிராம், தண்ணீர் 100 மி.லி., ஐஸ் 250 கிராம். சர்க்கரையை அந்தத் தண்ணீரிலேயே முழுதாகக் கரைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, பிறகுதான் ஜாரில் ஊற்ற வேண்டும். கரையாத சர்க்கரை இந்த வேலையைச் செய்யாது. நன்னாரி சிரப்பில் செய்வதானால் 90 மி.லி. சிரப், 40 மி.லி. எலுமிச்சைச் சாறு, 80 மி.லி. தண்ணீர், 300 கிராம் ஐஸ். மிக்ஸியில் இதை இரண்டு தவணையாக அடியுங்கள். முழு ஐஸையும் ஒரே தடவையில் போட்டால் கப்ளருக்கு வேலை வைக்கும்.

ஃப்ரீசரில் இருந்து எடுத்த உடனே ஐஸ் கல் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்து, மேற்பரப்பு பளபளவென்று நனைந்ததும் போட்டால் பாதி பலத்தில் உடையும், ஒன்றோடொன்று ஒட்டவும் ஒட்டாது. இன்னும் நல்லது, ஐஸையே தவிர்ப்பது. தர்ப்பூசணியை விதை எடுத்து 2 செ.மீ. துண்டாக்கி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி நான்கு மணி நேரம் உறையவைத்து, பிறகு பையில் போட்டு வையுங்கள். பழத்தில் இருக்கும் சர்க்கரையால் அது ஐஸ் அளவுக்குக் கல்லாக உறையாது, கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். பிளேடுக்கு வலிக்காது, பானமும் நீர்த்துப்போகாது. பங்கனப்பள்ளி, சப்போட்டா, பலாச்சுளை எல்லாமே இப்படி. சப்போட்டா விதை ஒன்று தப்பி உள்ளே போனாலும் கசப்பும் சத்தமும் நிச்சயம். நேராகப் பையில் கொட்டி உறையவைத்தால் ஒரே பாறையாகும்; அதைத் தரையில் தட்டி உடைத்துப் போடுபவர்கள்தான் அடிக்கடி ரிப்பேர் கடையில் நிற்கிறார்கள்.

சாக்கெட், இன்வெர்ட்டர், அமெரிக்கப் பார்சல்

சமையலறையின் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். 1000 வாட் மிக்ஸிக்கு அது சரி. 1400, 1500 வாட் பிளெண்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். கிரைண்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஏற்கெனவே ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் சொருகாதீர்கள். கரண்ட் போனபோது சாதாரண 850 விஏ இன்வெர்ட்டரில் 750 வாட் மிக்ஸியை ஓட்டவும் பார்க்க வேண்டாம், கிளம்பும் விநாடியிலேயே கட்டாகும்.

அமெரிக்காவில் இருந்து வரும் பிள்ளைகள் அன்போடு தூக்கிவரும் பிளெண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடியில் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால், பின் மாற்றும் அடாப்டர் மட்டும் போட்டு நம் சாக்கெட்டில் மாட்டினால் மோட்டார் அன்றைக்கே போய்விடும். 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 2000 விஏ அளவில். பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும் இரும்புப் பெட்டி. அதை வாங்கி மேடையில் வைப்பதைவிட, அங்கேயே பயன்படுத்தச் சொல்லிவிட்டு இங்கே 230 வோல்ட் மாடலாக வாங்குவது உத்தமம். சிங்கப்பூர், இலங்கை, வளைகுடாவில் பெரும்பாலான இடங்களில் வாங்கியதென்றால் வோல்டேஜ் ஒத்துப்போகும். பின் மட்டும்தான் வேறு.

கடையில் கையால் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். ஜாரைக் கவிழ்த்து அடிச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள்; தடையின்றிச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும், கரகரக்கக் கூடாது. பிளேடில் மேல்கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. ஜாரில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, கீழே ஒரு டிஷ்யூ வைத்துப் பத்து நிமிடம் விட்டால் கசிவு தெரியும். மூடியின் வாஷரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கழற்றவே வராத வாஷருக்கு அடியில்தான் பால் புளித்து நாறும். மிக்ஸியென்றால் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4250 என்ற எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாரண்டிச் சீட்டில் 'மோட்டாருக்கு 5 ஆண்டு' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ஜார், பிளேடு, கப்ளர், வாஷர் பெரும்பாலும் அதில் சேராது என்பது சின்ன எழுத்தில். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை, கெடுவதெல்லாம் இந்தச் சின்ன எழுத்துப் பாகங்கள்தான். இந்த மாடலுக்கு ஜார் தனியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 'எல்லாம் கிடைக்கும் சார்' என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, குடித்து முடித்த உடனேயே ஜாரில் பாதி வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு இருபது விநாடி ஓட்டிக் கொட்டிவிடுங்கள். காய்ந்த வாழைப்பழம் பிளேடுக்கு அடியில் சிமெண்ட் மாதிரி பிடிக்கும். ஜாரை ஸிங்க் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. புஷ் துருப்பிடிப்பது அப்படித்தான். போர் தண்ணீர் உப்பால் பிளாஸ்டிக் ஜார் மங்கிப்போனால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றிச் சில மணி நேரம் வைத்துத் தேய்த்தால் மறுபடி தெளியும். தேய்த்தும் மங்கலாகவே இருந்தால் அது உப்பு அல்ல, ஐஸ் போட்ட கீறல்.